சேம்பாத்துத் தோட்டத்து மூச்சை மறுபடி அளக்கக் கோரி

அனுப்புநர்:
திருமதி பெட்ரீசியா திமோத்தி,
செயலாளர்,
சேம்பாத்துத் தோட்ட முன்னாள் தொழிலாளர் சங்கம்,
சிலிபின், ஈப்போ, பேரா.

பெறுநர்:
உயர்திரு தலைமை இயக்குநர் அவர்கள்,
அரசு நிதி ஆய்வுத் திட்டங்களின் மதிப்பீட்டு வாரியம்,
புத்ராஜெயா.

பொருள்: தோட்டங்களில் மருந்தடித்த தொழிலாளர்களின் நுரையீரல் பற்றிய நீண்டகால ஆய்வுக்கு வழங்கப்பட்ட ‘மிகச் சிறப்பு’ என்னும் தரத்தை நிறுத்திவைத்து, உறுப்பினர்களை நேரில் மறுபடி அளந்து, பதிவுகளைத் திருத்தித் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இம்மனுவைத் தமிழில் எழுதியிருக்கிறேன். மலாய் மொழிபெயர்ப்பை என் மகள் ட்ரேசி செய்து தந்தாள், அதையும் இணைத்துள்ளேன். மலாயில் மட்டும் எழுதியிருந்தால் வேலை சுலபம்தான். ஆனால் இதன் கீழ் ஒப்பமிடுகிறவர்கள், எதற்கு ஒப்பமிடுகிறோம் என்று வரி வரியாகக் காதால் கேட்ட பிறகே கை வைக்க வேண்டும் என்று இம்முறை நான் பிடிவாதமாக இருந்தேன். அந்தப் பிடிவாதத்துக்கான காரணம் கீழே வருகிறது.

1. நாங்கள் பத்து காஜாவுக்கு அப்பால் இருந்த சுங்கை கெலாடி தோட்டத்து ஆட்கள். எங்கள் வாயில் அது சேம்பாத்துத் தோட்டம். ரப்பர் மரங்கள் போய், இப்போது அங்கே பாதி எண்ணெய் எடுக்கும் செம்பனை, பாதி வீடமைப்புத் திட்டம். நாங்கள் சிலிபின் அடுக்குமாடிக்குக் குடிவந்து பல ஆண்டுகள் ஆகின்றன. எனக்குத் தையல் தெரிந்திருந்ததால் இங்கே ஒரு கடை போட்டுப் பிழைத்துக்கொண்டேன். தோட்டத்தில் புல்லுக்கு மருந்தடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். முதுகில் தோம்பு என்னும் மருந்துத் தொட்டியைக் கட்டிக்கொண்டு, வாயைச் சுற்றி ஒரு பழைய துண்டு. துண்டு மருந்தில் நனைந்தால் பிழிந்துவிட்டு அதையே மறுபடி கட்டிக்கொள்வார்கள். அந்த வேலையைக் காலமெல்லாம் செய்தவர்களில் ஒருவர் திருமதி ராக்காயி. இம்மனு முக்கியமாக அவருக்காகவே எழுதப்படுகிறது.

2. 2016-ஆம் ஆண்டு, அரசாங்க நிதியில் ஓர் ஆய்வுத் திட்டம் எங்களைத் தேடி வந்தது. களைக்கொல்லி மருந்து நுரையீரலை என்ன செய்கிறது என்பதை இருபது ஆண்டுகள் தொடர்ந்து பார்க்கப்போவதாகச் சொன்னார்கள். எங்கள் ஆட்கள் நம்பவில்லை. தோட்டம் இருந்தபோது ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை, இப்போது என்ன திடீர்ப் பாசம் என்று முகத்துக்கு நேரேயே கேட்டார்கள். அந்தப் பேச்சையெல்லாம் பொறுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கியவர் டாக்டர் நூர் ஐனி என்னும் இளம் மருத்துவர். எங்களோடு பழகியே கொஞ்சம் தமிழ் கற்றுக்கொண்டார். குழாயில் ஊதும் சோதனைக்கு ஒவ்வொருவரையும் அவரே கைப்பிடித்து உட்கார வைப்பார். “ஒரு வருசம் பாத்தா ஒண்ணும் தெரியாதும்மா. வருசா வருசம் வரணும். பேரு விட்டுப் போனா எல்லாம் வீணா போயிடும்” என்று தெரிந்த தமிழில் திரும்பத் திரும்பச் சொல்வார். ராக்காயி அக்கா அவருக்காகவே கெட்டி உருண்டைப் பலகாரம் பிடித்து வைத்திருப்பார். அந்தப் பெண்ணின் மேல் எங்களுக்கு இன்றும் எந்தக் குறையும் இல்லை. அதை முதலிலேயே எழுதிவிடச் சொல்லி எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள்.

3. முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் வேன் ஒன்று அடுக்குமாடிக்கே வந்தது. பிறகு வேன் நின்றுபோனது. பத்து காஜாவில் ஒரு கடைவீட்டின் மாடியில் அறை பிடித்து, இனி அங்கே வந்து ஊத வேண்டும் என்று தகவல் அனுப்பினார்கள். டாக்டர் ஐனி அலுவலக வேலைக்கு மாற்றப்பட்டு, ஆண்டுதோறும் புதிய புதிய மாணவர்கள் சோதனை எடுக்க வந்தார்கள். அவர்களுக்கு யார் முகமும் தெரியாது. எண் அச்சிட்ட அட்டையை நீட்டினால் போதும்.

ஐயா, அந்த மாடிப்படியைத் தாங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பழைய கடைவீட்டின் மரப்படி, செங்குத்தாக, நடுவில் நின்று இளைப்பாற இடமில்லாமல். நுரையீரல் கெட்டவர்களை அளப்பதற்கு அதைவிட மோசமான இடத்தைத் தேடினாலும் கிடைக்காது. மூச்சு நன்றாக இருந்தவர்கள் ஏறினார்கள். மூச்சு போனவர்கள் கீழே கடை வாசலில் நின்றுவிட்டார்கள்.

4. அப்போது நடந்ததுதான் இம்மனுவின் சாரம். அது தங்களுக்கு விளங்க வேண்டுமானால் எங்கள் தோட்டத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும்.

தோட்டத்தில் விடிவதற்கு முன்பே பெரட்டு நடக்கும். எல்லாரும் வரிசையில் நிற்க, கணக்கெழுதும் கிராணி பெயர் கூப்பிடுவார். தொடர்ந்து ஆள் வராவிட்டால் பெயர் வெட்டப்படும். பெயர் வெட்டுப்பட்டால் வேலை போகும், வேலையோடு வீடும் போகும். அதனால் ஒருவர் காய்ச்சலில் படுத்தால், அவர் பெயருக்கு அண்ணனோ மகளோ மருமகளோ போய் நிற்பார்கள், அவர் பங்கு ரப்பர் மர நிரையையும் சேர்த்துப் பால் வெட்டிவிட்டு வருவார்கள். கிராணிக்கும் தெரியும், தலையை எண்ணிக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவார். இதற்குப் பெயர் மோசடி என்று எங்கள் ஆட்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. இதைச் செய்யாதவனைத்தான், சொந்த ரத்தத்துக்கே உதவாதவன் என்று திட்டுவார்கள்.

ஆகவே ராக்காயி அக்காவால் படி ஏற முடியாமல் போனபோது, மகள் விமலா ஏறினாள். அம்மாவின் அட்டையை எடுத்துக்கொண்டு, அம்மாவின் வற்புறுத்தலில் அம்மாவின் சேலையையே கட்டிக்கொண்டு போய் ஊதினாள். விமலா தொழிற்சாலையில் பெட்டி தூக்குகிறவள். மூச்சுக்கு என்ன குறை? சோதனை எடுத்த மாணவன், “மக்சிக் குவாட்!” என்று, அதாவது அம்மாவுக்கு நல்ல பலம் என்று, கட்டை விரலைத் தூக்கிக் காட்டினானாம். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லி இருவரும் சிரித்தார்களாம். அடுத்த ஆண்டும் விமலாதான் போனாள்.

ராக்காயி அக்கா ஒருவர் மட்டும் அல்ல. முத்தம்மா அக்காவுக்கு அவர் மருமகள் ஊதினாள். சின்னையா அண்ணனுக்கு அவர் தம்பி ராமையா ஊதினார். ஒருவரைக் கேட்டு ஒருவர் செய்ததல்ல. அவரவர் வீட்டில் அவரவராகவே இப்படித்தான் செய்திருக்கிறார்கள். பெயர் விட்டுப் போகக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார் அல்லவா? பெயரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். அந்த ஆய்வு நடக்க வேண்டும் என்ற ஆசையில் செய்த காரியம் அந்த ஆய்வையே சாகடித்துவிட்டது. இதை எழுதும்போது எனக்கு மனம் ஆறவில்லை.

5. இவை எதுவும் எனக்குத் தெரியாது. நான் சென்ற ஆண்டுதான் சங்கத்தின் செயலாளர் ஆனேன். ஆன கையோடு, தங்கள் வாரியத்தின் இறுதி மதிப்பீட்டு அறிக்கை சங்க முகவரிக்கு வந்தது. இருபது ஆண்டு என்று தொடங்கிய திட்டம் ஐந்தே ஆண்டில் முடித்துவைக்கப்பட்டிருந்த விவரமே அதைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரியும். ஊத வரச் சொல்லி அழைப்பு வராததைத் தொற்றுக் காலத்து நிறுத்தம் என்றே நினைத்திருந்தோம். நல்ல செய்தி என்று நினைத்து, அடுக்குமாடிக் கீழ்த்தளத்தில் எல்லாரையும் கூட்டி, காப்பி வடை வைத்து, அதன் முடிவுரையை நானே தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தேன். அதில் இருந்தது இதுதான்:

மருந்தடித்தவர்களின் மூச்சுத் திறன் குறையவில்லை, பலருக்குக் கூடியிருக்கிறது. உறுப்பினர்கள் விலகாமல் நிலைத்திருந்ததில் நாட்டிலேயே இத்திட்டம் முன்னணியில் நிற்கிறது. நோக்கம் நிறைவேறிவிட்டதால் நீட்டிப்பு தேவையில்லை. தரம்: மிகச் சிறப்பு.

வாசித்து முடித்ததும் இரண்டொருவர் கைதட்டினார்கள். முத்தம்மா அக்கா மட்டும் திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “ஐயோ பெட்ரீசியா, அது எம் மருமக மூச்சுலா!” என்றார். அதைக் கேட்டு இன்னொருவர் சிரித்தார், பிறகு இன்னொருவர். ஒவ்வொரு வீட்டுக் கதையாக வெளியே வந்தது. நானும் சிரித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. காற்றாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராக்காயி அக்காவும் சிரிக்கப் பார்த்து, சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல் போய், விமலா முதுகைத் தடவிக்கொண்டே அழ ஆரம்பித்தாள். அதோடு எங்கள் சிரிப்பு அடங்கிவிட்டது.

அப்போதுதான் ராமையா அண்ணன் எழுந்து ஒன்று சொன்னார். கடைசி முறை அவர் போய் ஊதியபோது, அவர் அண்ணன் சின்னையா காலமாகிச் சில மாதங்கள் ஆகியிருந்தன. “அண்ணன் பேரு வெட்டு வுழுந்துரக் கூடாதுன்னு போனேன். ஊதுறப்ப அண்ணன் பக்கத்துல இருக்குற மாதிரி இருந்துச்சி” என்றார். தங்கள் அறிக்கையின்படி சின்னையா அண்ணனின் மூச்சுத் திறன் அந்த ஆண்டு கூடியிருக்கிறது, ஐயா.

6. திருமதி ராக்காயியின் இன்றைய நிலை வருமாறு. அவரால் அறையிலிருந்து குசினி வரை நிற்காமல் நடக்க முடிவதில்லை. படுத்தால் மூச்சு முட்டுவதால் நாற்காலியிலேயே உட்கார்ந்து தூங்குகிறார். அரசு மருத்துவமனை ஒன்றில் காட்டியபோது, நுரையீரல் நிபுணரிடம் அனுப்புவதற்கு முன் ஊதும் சோதனை செய்தார்கள். ஊதத் தொடங்கியதும் இருமல் வந்து நின்றுவிடுகிறது. ‘முயற்சி போதவில்லை’ என்று முடிவு வந்தது. சரி, பழைய முடிவு ஏதாவது உண்டா என்று தேடினார்கள். உண்டு. ஆய்வுத் திட்டம் அவர் மருத்துவப் பதிவில் சேர்த்துவைத்த முடிவு இருக்கிறது. மிக நல்ல மூச்சு. விமலாவின் மூச்சு.

அதைப் பார்த்த மருத்துவர் மரியாதையாகத்தான் பேசினார். வயதாவதால் வரும் இளைப்பாக இருக்கலாம், மனக்கவலையும் இருக்கலாம், அவசரமில்லை என்று எழுதினார். நிபுணரைப் பார்க்கும் தேதி தள்ளிப் போடப்பட்டது. பிறகு இன்னொரு முறையும் தள்ளிப் போனது. கைக்குக் கிடைத்த தாளை நம்பினார், அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விமலா பயத்தை விட்டு முகப்பிடத்தில் உண்மையைச் சொல்லிவிட்டாள். ஆய்வுத் திட்டம் போட்ட பதிவை மருத்துவமனை அழிக்க முடியாது, திட்டத்தார்தான் திருத்த வேண்டும் என்றார்கள். திட்டமோ மூடிவிட்டது. தொலைபேசி எண் உயிரோடு இல்லை. பத்து காஜா மாடிக்கு நானே போய்ப் பார்த்தேன். இப்போது அங்கே கைப்பேசி பழுது பார்க்கிறார்கள். பதிவுகள் எல்லாம் தங்கள் வாரியத்தின் பொறுப்பில் இருப்பதாகத் தெரிய வந்ததால் தங்களை நாடுகிறேன்.

7. உண்மையை எழுதுவதற்கு ராக்காயி அக்கா முதலில் சம்மதிக்கவில்லை. “அந்தப் புள்ள டாக்டரு நம்மள நம்பிச்சி. இப்ப போயி பொய்யின்னு சொன்னா அது பொழப்பு என்னாவுறது?” என்று மறுத்துவிட்டார். மூச்சு வாங்க வாங்க அடுத்தவர் பிழைப்புக்குக் கவலைப்படுகிற மனுஷியை என்ன சொல்வது? எனக்குக் கோபம்தான் வந்தது. நான் போட்ட சத்தத்துக்கு அவர் அசையவில்லை. விமலாதான் கடைசியில், “எம் மூச்சுதாம்மா ஒங் கழுத்தப் புடிச்சிக்கிட்டு இருக்கு” என்று சொல்லிக் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். அதன் பிறகுதான் எழுதச் சொன்னார்.

8. இன்னொன்றும் என் தூக்கத்தைக் கெடுக்கிறது. தாப்பா பக்கம் செம்பனைத் தோட்டத்துக்குத் துணி தைத்துக் கொடுக்கப் போயிருந்தபோது, மருந்தடிக்கும் வங்காளதேசத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. இந்த மருந்தால் நுரையீரலுக்குப் பெரிய ஆபத்தில்லை, பேராவில் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து பார்த்துவிட்டார்கள் என்று பயிற்சி கொடுத்தவர் சொன்னார். எந்த ஆய்வு என்று கேட்டேன். நம் ஆய்வுதான். அந்தப் பிள்ளைகள் முகத்தில் துண்டுதான் கட்டியிருந்தார்கள்.

9. பிழை எங்களுடையது. அதை ஒப்புக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆனாலும் மதிப்பிட வந்தவர்களிடம் சில கேள்விகளைப் பணிவோடு கேட்க வேண்டியிருக்கிறது. அறிக்கையில் எத்தனை கட்டுரைகள் வெளியாயின, எத்தனை மாணவர்கள் பட்டம் பெற்றார்கள், எத்தனை அட்டைகள் திரும்பி வந்தன என்றெல்லாம் பக்கம் பக்கமாக இருக்கிறது. அட்டையோடு வந்தவர் யார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லையே? வயதான, மருந்தடித்த ஒரு கூட்டத்தில் ஆண்டுக்கு ஆண்டு மூச்சு கூடுகிறது என்றால், ஒரு நடை வந்து பார்த்திருக்கலாமே? ஒருவரும் விலகவில்லை, ஒருவரும் சாகவில்லை என்றால், அது எப்படி என்று அரசாங்கத்தின் இறப்புப் பதிவோடு ஒரு முறை ஒத்துப் பார்த்திருக்கலாமே? தலையை எண்ணிக்கொண்டு போகிறவர் எங்கள் கிராணி ஒருவர்தான் என்று நினைத்திருந்தேன்.

நான் படித்தவள் இல்லை. என் கடைக்கும் சில பெண்கள் தங்கள் ரவிக்கைக்கு மகளை அளவு கொடுக்க அனுப்புவார்கள். தைத்ததைப் போட்டுப் பார்க்கச் சொல்லும்போது குட்டு வெளிப்பட்டுவிடும். இருபது ஆண்டு பார்க்கிறோம் என்று சொல்லி ஐந்தாம் ஆண்டே நிறுத்திக்கொண்டதால், இதைப் போட்டுப் பார்க்க ஒருவருக்கும் வாய்ப்பில்லாமல் போய்விட்டது. தொடர்ந்திருந்தால் அடுத்த ஓரிரு ஆண்டுகளிலாவது எங்கள் தவறு வெளிப்பட்டிருக்கும், டாக்டர் ஐனியே கண்டுபிடித்துத் திட்டியிருப்பார். அந்தத் திட்டை வாங்கியிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறோம்.

10. எனவே, தங்களிடம் நாங்கள் வேண்டுவது:

(அ) திருமதி ராக்காயியின் பெயரில் உள்ள கடைசி இரண்டு முடிவுகள் அவருடையவை அல்ல என்று மருத்துவமனைக்கு உடனே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மற்றவை எல்லாம் காத்திருக்கலாம். இது காத்திருக்க முடியாது.

(ஆ) எஞ்சியிருக்கும் உறுப்பினர்கள் அனைவரையும், அவர்கள் இருக்கும் இடத்துக்கே வந்து, முகம் பார்த்து, மறுபடி அளக்க வேண்டும். படி ஏற முடியாதவர்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

(இ) அதுவரை ‘மிகச் சிறப்பு’ என்ற தரத்தை நிறுத்திவைத்து, அந்த முடிவைக் காட்டி எந்தத் தோட்டத்திலும் பயிற்சி நடக்காமல் தடுக்க வேண்டும்.

(ஈ) ஆள் மாறி ஊதிய பிள்ளைகள் மேல் நடவடிக்கை எதுவும் எடுக்க வேண்டாம். யாரையாவது விசாரித்தே ஆக வேண்டும் என்றால் என்னைக் கூப்பிடுங்கள், வருகிறேன். டாக்டர் நூர் ஐனி இப்போது எங்கே இருக்கிறார் என்று எங்களுக்குத் தெரியாது. அவரைக் கண்டால், சேம்பாத்து ஆட்கள் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்ல வேண்டும்.

11. இம்மனுவை நேற்று மாலை கீழ்த்தளத்தில் முழுவதும் வாசித்துக் காட்டினேன். இன்னொருவருக்காக யாரும் கை வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். முத்தம்மா அக்கா மருமகளைத் தூரமாகப் போய் உட்காரச் சொன்னார். ராக்காயி அக்காவுக்கு மூச்சு வாங்கியதால் விமலா வழக்கம்போலத் தன் கையை நீட்டினாள். அக்கா அந்தக் கையைத் தட்டிவிட்டு, தானே மையைத் தொட்டு ரேகை வைத்தார். இருமலில் அது சற்றுக் கலைந்திருக்கும். கலைந்திருப்பதற்காகத் தயவுசெய்து தள்ளிவிட வேண்டாம்.

ராமையா அண்ணன் தன் ஒப்பத்தைப் போட்டுவிட்டு, “அண்ணனுக்கும் சேத்துப் போட்டுரவா?” என்று கேட்டார். வேண்டாம் அண்ணே என்றேன். பேனாவை மூடித் தந்துவிட்டு, அண்ணன் பெயரை மட்டுமாவது பட்டியலில் எழுதச் சொன்னார்.

தாங்கள் வரும் நாளை முன்கூட்டியே தெரிவித்தால் எல்லாரையும் கீழ்த்தளத்தில் உட்கார வைத்திருப்பேன். விரைவில் வர வேண்டுகிறோம்.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,

(ஒப்பம்)
பெட்ரீசியா திமோத்தி

இடம்: சிலிபின், ஈப்போ
நாள்: 14 ஜூலை 2025

உறுப்பினர்களும் அவர்தம் குடும்பத்தாரும், அவரவர் கையால்:

முத்தம்மா – ஒப்பம்
ராமையா – ஒப்பம்
விமலா – ஒப்பம்
ராக்காயி – இடது பெருவிரல் ரேகை
சின்னையா – காலமானார். இவருக்காக எவரும் ஒப்பமிடவில்லை.